ஓடியவனுக்குப் பத்தாண்டு, வீழ்ந்தவனுக்கு?

2023 டிசம்பர் 20 அன்று மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் மூன்று குற்றவியல் சட்டங்களை பாஜக அரசு நிறைவேற்றிக்கொண்டது. அந்தக் கூட்டத்தொடரில் இடைநீக்கம் செய்யப்பட்ட எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 146 பேர். கேள்வி கேட்க வேண்டியவர்களை வெளியே நிறுத்திவிட்டு நிறைவேற்றப்பட்ட அச்சட்டங்களுள் ஒன்றான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில், இரண்டாம் உட்பிரிவாக ஒரு வாக்கியம் இருந்தது. அசட்டையாகவும் கவனக்குறைவாகவும் வாகனம் ஓட்டி ஒருவரின் மரணத்திற்குக் காரணமாகி, நிகழ்வு நடந்த உடனே காவல் அலுவலருக்கோ நீதித்துறை நடுவருக்கோ தெரிவிக்காமல் தப்பிச் செல்பவருக்குப் பத்தாண்டு வரை சிறை, அபராதம் என்பதே அது. பிணையில் விட முடியாத குற்றம் என்றும் வகைப்படுத்தினார்கள்.

பத்து நாளில் நாட்டின் லாரிகள் நின்றன. 2024 ஜனவரி 1, 2 ஆகிய நாள்களில் பெட்ரோல் நிலையங்களின் முன் மக்கள் வரிசைகட்டி நின்ற பிறகே இப்படியொரு பிரிவு இருப்பது நாட்டுக்குத் தெரியவந்தது. ஜனவரி 2 இரவு உள்துறைச் செயலாளர் லாரி உரிமையாளர்களின் அமைப்பான அகில இந்திய மோட்டார் போக்குவரத்துக் காங்கிரசை அழைத்து, கலந்தாலோசித்த பின்னரே இந்தப் பிரிவு நடைமுறைக்கு வரும் என்றார். கர்நாடகத்தின் லாரி உரிமையாளர்களும் முகவர்களும் அந்த வாக்குறுதியில் நிறைவடையாமல் ஜனவரி 17 முதல் வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்தார்கள். பிப்ரவரி 23 தேதியிட்ட அறிவிக்கையின்படி சன்ஹிதா ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது, 106ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு நீங்கலாக. அப்பிரிவு ரத்தாகவில்லை. உறையிலிட்ட வாளாகச் சட்டப் புத்தகத்திலேயே கிடக்கிறது. ஒரே ஓர் அரசிதழ் அறிவிக்கை போதும், அது வெளியே வந்துவிடும்.

அதனால்தான் அந்த வாக்கியத்தை நிதானமாகப் படித்தாக வேண்டும். காயமுற்றவரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்பவர்களுக்குக் குறைந்த தண்டனை, சாகவிட்டு ஓடுபவர்களுக்குக் கூடுதல் தண்டனை என்றே உள்துறை அமைச்சர் அமித் ஷா நாடாளுமன்றத்தில் விளக்கம் சொன்னார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரிவின் வாசகத்தில் மருத்துவமனை என்ற சொல்லே இல்லை. காயமுற்றவரைத் தூக்க வேண்டும், ரத்தப்போக்கை நிறுத்த வேண்டும், ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும் என்று எதுவுமே இல்லை. சட்டம் கேட்பது ஒன்றுதான்: காவல்துறைக்குச் சொன்னாயா?

இதன் பொருள் என்ன? சாலையில் துடிப்பவரைத் திரும்பியும் பாராமல் காரை ஓட்டிச் சென்று, வீட்டில் வழக்கறிஞரை வரவழைத்து, அவர் முன்னிலையில் காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் தகவல் சொல்பவர் இந்தப் பிரிவிலிருந்து தப்பிவிட வாய்ப்புண்டு. அவருக்கு முதல் உட்பிரிவு பொருந்தும். ஐந்தாண்டு வரை தண்டனை என்றாலும் அது பிணை கிடைக்கும் குற்றம். அடிபட்டவரைத் தன் வண்டியிலேயே ஏற்றி மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டு, அச்சத்தில் காவல்துறைக்குச் சொல்லாமல் போன ஓட்டுநரோ, அந்த உயிர் பிரிந்துவிட்டால், பத்தாண்டுப் பிரிவுக்குள் வந்துவிடுவார். உயிரைக் காக்க முயன்றாரா என்பதைப் பற்றிச் சட்டத்துக்குக் கவலையில்லை.

இதற்கு முன்பு சட்டமே இல்லை என்பதும் பொய். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 134ஆம் பிரிவு, விபத்து நேர்ந்தால் ஓட்டுநர் முதலில் செய்ய வேண்டியது காயமுற்றவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது என்கிறது. கூட்டத்தின் ஆவேசத்தாலோ தன் சக்தியை மீறிய வேறு காரணத்தாலோ அது இயலாமற்போகலாம் என்பதையும் அதே வாக்கியத்தில் ஒப்புக்கொள்கிறது. காவல் நிலையத்துக்குத் தெரிவிப்பது அதற்கு அடுத்த கடமை. கூடிய விரைவில், எப்படியாயினும் 24 மணி நேரத்துக்குள். காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்கும் கடமையும் உண்டு. மீறினால் 187ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். 2019 திருத்தத்துக்கு முன்னர் இது மூன்று மாதமும் 500 ரூபாயுமாக இருந்தது. இந்தத் தண்டனை போதாது என்று ஒருவர் வாதிட்டால் அதில் பொருள் உண்டு. ஆனால் கடமைகளின் வரிசை அங்கே சரியாக இருந்தது: உயிர் முதலில், தகவல் பிறகு. பாஜக அரசு உயிரை வரிசையிலிருந்தே நீக்கிவிட்டுத் தகவலுக்குப் பத்தாண்டு விலை வைத்தது. ‘காலனியச் சட்டத்தை ஒழித்தோம்’ என்று முரசு கொட்டியவர்கள், 1870இல் பிரிட்டிஷார் சேர்த்த 304ஏ பிரிவின் இரண்டாண்டுத் தண்டனையை ஐந்தாகவும் பத்தாகவும் பெருக்கியதற்கு மேல் அதில் புதிதாகச் சிந்தித்ததற்கு அடையாளமில்லை.

காசுள்ளவர்கள் விபத்து நடந்த இடத்தைவிட்டு எப்படி அகல்கிறார்கள் என்பதற்குப் பெங்களூரிலேயே சான்று உண்டு. 2020 பிப்ரவரியில் பல்லாரி சாலையில், மேக்ரி சர்க்கிள் அருகே ஒரு பென்ட்லி கார் வரிசையாகப் பல வாகனங்களை மோதிச் சிலரைக் காயப்படுத்தியது. வேறொருவர் முன்வந்து, காரை ஓட்டியது தாமே என்றார். காங்கிரஸ் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் மகனே ஓட்டினார் என்பதற்குச் சான்றுகள் உள்ளன என்று போக்குவரத்துக் காவல்துறை அறிவித்தது. அவர் அதை மறுத்தார், பிணையில் வெளிவந்தார். 2024 மே 19 அன்று புனேயில் போர்ஷே கார் மோதி இரண்டு இளம் மென்பொருள் பொறியாளர்கள் இறந்தபோது, ஓட்டிய பதினேழு வயதுச் சிறுவனுக்கு 300 சொல்லில் கட்டுரை எழுதும்படி நிபந்தனை விதித்துப் பிணை கொடுத்தது சிறார் நீதிக் குழுமம். பழியை ஏற்றுக்கொள்ளும்படி குடும்பத்தின் சம்பள ஓட்டுநரை அடைத்து வைத்து மிரட்டினார்கள் என்பதும், ரத்த மாதிரியையே மாற்றினார்கள் என்பதும் காவல்துறையின் குற்றச்சாட்டு. அடுத்த மாதமே சென்னை பெசன்ட் நகரில், சாலையோரம் படுத்திருந்த பெயின்டர் ஒருவர்மீது மாநிலங்களவை உறுப்பினர் ஒருவரின் மகள் ஓட்டிய பி.எம்.டபிள்யூ ஏறியது. தொழிலாளி இறந்தார். காவல் நிலையத்திலேயே பிணை கிடைத்தது.

காங்கிரஸ், பாஜக, மாநிலக் கட்சிகள் என்று கட்சிப் பெயர் மாறுகிறது. ஓட்டியவருக்கும் வழக்குக்கும் நடுவில் சம்பளத்துக்கு இருக்கும் இன்னொரு மனிதனைக் கொண்டுவந்து நிறுத்த முடிகிற வர்க்கம் மாறவில்லை. பத்தாண்டுப் பிரிவு அமலுக்கு வந்தால் அந்த இன்னொரு மனிதனின் தலைக்கு விலை கூடும், அவ்வளவுதான்.

தேர்க்காலில் கன்றை இழந்த பசு மணியடித்த கதையைச் சேக்கிழார் சொல்லும் முறையில் பலரும் கவனிக்காத இரண்டு இடங்கள் உண்டு. கன்று இறந்தவுடன் இளவரசன் அரண்மனைக்கு வரவில்லை. கழுவாய் என்ன என்று கேட்க அந்தணர்களைத் தேடிப் போகிறான். அதற்குள் பசு ஆராய்ச்சி மணியை எட்டிவிடுகிறது. அமைச்சர்களும் மன்னனிடம் கழுவாயைத்தான் பரிந்துரைக்கிறார்கள். இளவரசன்மீது தேரை ஏற்றும்படி ஆணை வந்ததும், அதை நிறைவேற்ற மனமில்லாத அமைச்சன் தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொள்கிறான். பிறகே மன்னன் தேரேறுகிறான். நீதியின் உச்சமாகப் போற்றப்படும் கதையிலும் குற்றவாளிக்கு முன்னால் செத்தது ஊழியன். மனுநீதிச் சோழன் சிலையைச் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் நிறுத்தியவர்கள் இதை நினைத்து நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

இனி, உண்மையிலேயே சக்கரத்தின் பின்னால் உட்கார்ந்திருக்கும் தொழிலாளியைப் பார்ப்போம். நாமக்கல்லிலிருந்தும் சங்ககிரியிலிருந்தும் கிளம்பும் லாரிகள் ஓசூர் கடந்து அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூருக்குள் நுழைந்து, நெலமங்கலா தாண்டித் தும்கூர் சாலையில் வடக்கே போகின்றன. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961இன்படி ஓட்டுநரின் வேலை நேரம் நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்றிருந்தது. மாற்று ஓட்டுநரும் கிளீனரும் இல்லாமல், டிரிப்புக் கணக்கில் படி வாங்கி ஓட்டுபவருக்கு அந்தச் சட்டம் காகிதத்தில் மட்டும் இருந்தது. நள்ளிரவில் அவர் வண்டியின் முன்னே ஒரு சைக்கிள் சாய்கிறது. இறங்கி நின்றால் கூடும் கூட்டம் யார் தவறு என்று கேட்டுவிட்டு அடிப்பதில்லை. பெரிய வண்டியில் வந்தவன் குற்றவாளி. மொழி தெரியாதவன் இரட்டைக் குற்றவாளி. காவிரிப் பிரச்சனையை முன்வைத்து 2016 செப்டம்பர் 12 அன்று பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட லாரிகளும், ஒரே பணிமனையில் நின்றிருந்த பல பத்துப் பேருந்துகளும் கொளுத்தப்பட்டதைப் பார்த்த ஓட்டுநரிடம் ‘இறங்கி நில்’ என்று தில்லியிலிருந்து கட்டளையிடுவது எளிது. கன்னட உழைப்பாளி மக்கள்மீது இதற்குப் பழிபோட ஏதுமில்லை. கன்னட ஓட்டுநர் தமிழ்நாட்டில் நின்றாலும் இதே அச்சம்தான். 134ஆம் பிரிவு ஒப்புக்கொண்ட கூட்டத்தின் ஆவேசத்தைப் புதிய பிரிவு கண்டுகொள்ளவே இல்லை என்பதே இங்கு பிரச்சனை.

நியாயமான ஒரு கேள்வி கட்சித் தோழர்களிடமிருந்தே எழுகிறது. சாகிறவர்களும் தொழிலாளர்கள்தானே? 2022இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள், 32,825 பேர் நடந்து சென்றவர்கள். மோதிவிட்டுத் தப்பிய விபத்துகள் மட்டும் 67,387. அவற்றில் மாண்டவர்கள் 30,486 பேர். இவர்களில் பெரும்பாலோர் உழைப்பாளிகளாகத்தான் இருப்பார்கள். ஓட்டுநருக்காகப் பேசும் கட்சி, அவர் வண்டியில் அடிபட்ட கட்டிடத் தொழிலாளிக்காகப் பேச வேண்டாமா?

பேசத்தான் வேண்டும். 2025 அக்டோபர் 25 இரவு பெங்களூர் புட்டேனஹள்ளியில் உணவு விநியோகத் தொழிலாளி ஒருவர் கொல்லப்பட்டதை எந்தத் தோழரும் மறந்திருக்க முடியாது. காரின் பக்கக் கண்ணாடியில் ஸ்கூட்டர் உரசியதற்காக, ஒரு தம்பதியர் காரைத் திருப்பி விரட்டிவந்து மோதினார்கள் என்பதும், பின்னர் உடைந்த பாகங்களைப் பொறுக்கிக்கொள்ள அதே இடத்துக்குத் திரும்பி வந்தார்கள் என்பதும் காவல்துறையின் குற்றச்சாட்டு. தொடக்கத்தில் அது விபத்தாகத்தான் பதிவானது. கண்காணிப்புக் கேமராக் காட்சிகளைப் பார்த்த பிறகே கொலை வழக்காக மாறியது. வேண்டுமென்றே கொல்பவர்களைத் தண்டிக்கக் கொலைச் சட்டம் முன்பே இருக்கிறது, 106ஆம் பிரிவு தேவையில்லை. அங்கே தேவைப்பட்டது கேமராவைப் பார்க்கும் பொறுப்பு. இருபத்து நான்கு வயதுத் தொழிலாளியின் சாவை முதல் பார்வையில் விபத்து என்று எழுதி மூடிவிடாத காவல் நிலையம் தேவைப்பட்டது.

தப்பியோடும் விபத்துகளில் இறந்தவரின் குடும்பம் உண்மையில் எதை இழக்கிறது என்பதைக் கணக்குப் போட்டால், பத்தாண்டுச் சிறைப் பேச்சின் வெறுமை புரியும். மாதம் 15,000 ரூபாய் ஈட்டும், மணமாகாத, 24 வயதுத் தொழிலாளி இறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மோதிய வண்டி எதுவென்று தெரிந்தால் வழக்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகும். உச்ச நீதிமன்றம் 2009இல் சரளா வர்மா வழக்கிலும் 2017இல் பிரணய் சேத்தி வழக்கிலும் வகுத்த முறைப்படி, எதிர்கால உயர்வுக்காக 40 விழுக்காடு சேர்த்தால் மாத வருமானம் 21,000. அவருடைய சொந்தச் செலவுக்குப் பாதியைக் கழித்தால் 10,500. ஆண்டுக்கு 1,26,000. அந்த வயதுக்குரிய பெருக்கெண் 18. ஆக 22,68,000 ரூபாய், மற்றச் சிறு தலைப்புகள் தனி. மூன்றாம் தரப்புக் காப்பீடு இருந்தால் காப்பீட்டு நிறுவனம் இதைக் கொடுத்தாக வேண்டும்.

வண்டி எதுவென்று தெரியாவிட்டால்? 161ஆம் பிரிவின்கீழ் இரண்டு லட்சம். படுகாயத்துக்கு ஐம்பதாயிரம். இறந்தவர் எத்தனை வயதினர், எவ்வளவு ஈட்டினார், எத்தனை பேரைக் காப்பாற்றினார் என்ற கேள்வியே இல்லை. 2022 ஏப்ரல் 1இல் இந்தத் திட்டம் வருவதற்கு முன்பு இது சாவுக்கு 25,000, படுகாயத்துக்கு 12,500 என்றிருந்தது. 1994இல் நிர்ணயித்த தொகை கால் நூற்றாண்டுக்கு மேல் அப்படியே கிடந்தது. ஒரு பதிவெண் தெரிந்ததற்கும் தெரியாததற்கும் இடையே அந்தக் குடும்பம் இழப்பது இருபது லட்சம் ரூபாய். பதிவெண்ணைக் கண்டுபிடிக்கும் கடமை காவல்துறையுடையது. அது கண்டுபிடிக்கத் தவறியதற்கான தண்டனையை விதவையும் பெற்றோரும் செலுத்துகிறார்கள்.

அந்த இரண்டு லட்சமாவது கிடைக்கிறதா? கோயம்புத்தூர் எலும்பு அறுவை மருத்துவர் எஸ்.ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடுத்த பொதுநல வழக்கில், 2024 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் பதிவுசெய்த எண்களைத் தோழர்கள் மனப்பாடம் செய்துகொள்ளலாம். 2022இல் தப்பியோடிய விபத்துகள் 67,387. 2022-23இல் இழப்பீடு கேட்டு வந்த மனுக்கள் 205. தீர்க்கப்பட்டவை 95. ஆயிரத்துக்கு மூன்று குடும்பம் மட்டுமே கதவைத் தட்டியிருக்கிறது. லாரி ஓட்டுநர்களின் வேலைநிறுத்தம் முடிந்து பத்தே நாளில் வெளியான எண்கள் இவை. பத்தாண்டுச் சிறையைப் பற்றி இரவுதோறும் கத்திய தொலைக்காட்சிகளில் இதற்கு இடமில்லை.

காரணம் அறியாமை மட்டுமன்று. படிவத்தை நிரப்பி, முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, வங்கிக் கணக்கு, அடையாளச் சான்று சேர்த்து, வட்ட அளவிலான விசாரணை அலுவலரிடம் கொடுக்க வேண்டும். அவர் ஒரு மாதத்துக்குள் மாவட்ட அலுவலருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அவர் 15 நாளில் ஆணையிட வேண்டும். அடுத்த 15 நாளில் பொதுக் காப்பீட்டுக் கவுன்சில் பணம் செலுத்த வேண்டும். பின்னர் வேறு வழியில் இழப்பீடு கிடைத்தால் இதைத் திருப்பித் தருவதாக உறுதிமொழியும் எழுதிக்கொடுக்க வேண்டும். திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களிலிருந்து பெங்களூருக்குக் கட்டிட வேலைக்கு வந்தவர் வெளிவட்டச் சாலையில் அடிபட்டு இறந்தால், உடலைப் பெற்றுக்கொண்டு அன்றிரவே ஊருக்குப் போய்விடும் குடும்பம், கன்னடத்தில் எழுதப்பட்ட முதல் தகவல் அறிக்கையை வைத்துக்கொண்டு எந்த அலுவலகத்தைத் தேடும்? ஒரு மாதத்துக்குள் வண்டி அடையாளம் தெரியவில்லையென்றால் இப்படியொரு திட்டம் இருப்பதையும் விசாரணை அலுவலரின் முகவரியையும் காவல் நிலையமே எழுத்துமூலம் குடும்பத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதே தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இழப்பீட்டுத் தொகையை உயர்த்துவது பற்றி எட்டு வாரத்தில் முடிவெடுக்கும்படி ஒன்றிய அரசுக்கும் சொன்னது.

வாகனத்தைக் கண்டுபிடிக்க வசதியில்லை என்று பெங்களூரில் எவரும் சொல்ல முடியாது. 2022 டிசம்பரில் நகரின் ஐம்பது சந்திப்புகளில் பதிவெண்ணைத் தானே படிக்கும் கேமராக்கள் வந்தன. 2023 பிப்ரவரியில் நிலுவை அபராதத்துக்குப் பாதித் தள்ளுபடி அறிவித்தபோது சில நாள்களில் நூறு கோடி ரூபாய்க்கு மேல் வசூலானது. தலைக்கவசம் அணியாத விநியோகத் தொழிலாளியைப் பார்க்கும் அந்தக் கண்கள், அவரை மோதிவிட்டுப் போகும் காரைப் பார்க்கும்போது மட்டும் மூடிக்கொள்ளக் கூடாது. அங்கே பாஜக ஆண்டபோதும் இப்போது காங்கிரஸ் ஆளும்போதும் போக்குவரத்துக் காவல் என்றால் முதலில் வசூல் என்ற கண்ணோட்டமே தொடர்கிறது.

பிற நாடுகளைக் காட்டி வாதிடுவோருக்கும் விடை உண்டு. பிரிட்டனில் காப்பீட்டு நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் மோட்டார் காப்பீட்டாளர் அமைப்பு 1946இல் உருவானது. அடையாளம் தெரியாத வண்டியால் பாதிக்கப்பட்டவருக்கும் ஏறத்தாழ நீதிமன்றம் அளிக்கும் அளவிலேயே அது இழப்பீடு கணக்கிடுகிறது. முதலாளித்துவ நாட்டிலேயே இது முடிகிறது. சீனக் குற்றவியல் சட்டத்தில் தண்டனை கடுமைதான். தப்பியோடியவருக்கு மூன்று முதல் ஏழாண்டு, ஏழாண்டுக்கு மேல் என்பது ஓடியதனாலேயே ஒருவர் இறந்தால் மட்டும். கைவிட்டதால் போன உயிருக்குத்தான் அங்கே கூடுதல் தண்டனை, தகவல் சொல்லாததற்கு அன்று.

வேலைநிறுத்தத்தின் வெற்றியையும் மிகைப்படுத்திக்கொள்ள வேண்டியதில்லை. அந்த இரவில் அரசு பேசியது உரிமையாளர்களின் அமைப்போடு. சிறைக்குப் போகவேண்டிய ஓட்டுநர்களின் தொழிற்சங்கங்களை அழைக்கவில்லை. உரிமையாளருக்கு வண்டி ஓட வேண்டும், அவ்வளவே கவலை. எட்டு மணி நேர வேலை, மாற்று ஓட்டுநர், நெடுஞ்சாலையில் ஓய்விடம் ஆகிய கோரிக்கைகளை அவர் எழுப்பமாட்டார், ஏனெனில் அவை அவருக்கு எதிரானவை. விநியோகத் துறையிலும் இதே கதைதான். பத்து நிமிடத்தில் பொருள் என்று விளம்பரம் செய்யும் நிறுவனம் அந்தப் பத்து நிமிடத்தில் நேரும் விபத்தில் தனக்குப் பங்கில்லை என்கிறது. கர்நாடகம் 2025இல் நிறைவேற்றிய கிக் தொழிலாளர் சட்டம் ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் தொழிலாளிக்குத் தரும் தொகையில் ஒன்று முதல் ஐந்து விழுக்காடு வரை நல நிதிக்கு வசூலிக்க வழி செய்கிறது. நல்ல தொடக்கம். வேகத்துக்கு விலை வைக்கும் முறையை அது தொடவில்லை.

106ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவை ஒத்திவைத்தால் போதாது, நீக்க வேண்டும். அதன் இடத்தில், மருத்துவ உதவி அளிப்பதை முதற்கடமையாக்கி, காயமுற்றவரைச் சேர்ப்பித்த ஓட்டுநருக்கும் நேராகக் காவல் நிலையத்தில் சரணடைந்தவருக்கும் உறுதியான பாதுகாப்புத் தரும் விதி வேண்டும். உதவும் பொதுமக்களைப் பாதுகாக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவும், கர்நாடகத்தில் 2016இலேயே ஒரு தனிச் சட்டமும் இருக்கின்றன. உதவ நினைக்கும் ஓட்டுநருக்கு மட்டும் ஒன்றுமில்லை. 161ஆம் பிரிவின் இரண்டு லட்சத்தைத் தீர்ப்பாய அளவுக்கு உயர்த்தி, பின்னர் வண்டி பிடிபட்டால் காப்பீட்டு நிறுவனத்திடம் அரசு வசூலித்துக்கொள்ளட்டும். விபத்தில் சிக்கியவருக்கு ஏழு நாள் வரை 1,50,000 ரூபாய்க்குக் கட்டணமில்லாச் சிகிச்சை தரும் திட்டம் 2025 மே மாதம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதுவும் உச்ச நீதிமன்றம் கண்டித்த பிறகு.

கோரிக்கை மனுக்களோடு வேறொரு வேலையும் கிளைகளுக்கு இருக்கிறது. பெங்களூரில் தமிழ்த் தொழிலாளர் வாழும் பகுதிகளிலும், அவர்கள் புறப்பட்டுவரும் வட்டங்களிலும், கடந்த சில ஆண்டுகளில் அடையாளம் தெரியாத வாகனத்தால் இறந்தவர்களின் குடும்பங்களைக் கணக்கெடுப்பது, படிவங்களை நிரப்பிக் கொடுப்பது, முதல் தகவல் அறிக்கையின் தமிழாக்கத்தை அவர்கள் கையில் தருவது. உச்ச நீதிமன்றம் சொன்னபடி எத்தனை குடும்பங்களுக்கு எழுத்துமூலம் தெரிவித்தார்கள் என்று ஒவ்வொரு போக்குவரத்துக் காவல் நிலையத்திலும் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்பதற்கு ஆகும் கட்டணம் பத்து ரூபாய்.